இரண்டாவதாகக் கேட்டவர்

போன மாதம் என் மருமகள் இணையத்தில் நடந்த ஓர் ஏலத்தில் பழைய தையல் மெஷின் ஒன்றைக் கேட்டாள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் கடைசி நிமிடம் வரை அவளோடு போட்டி போட்டு விலையை ஏற்றினார். அவள் துணிந்து ஒரு பெரிய தொகை சொன்னதும் ஆள் காணாமல் போய்விட்டார். மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு மனம்தான் ஆறவில்லை.

"மாமா, அது விக்கிறவனோட ஆளாத்தான் இருக்கும். நீங்க அத்தன வருஷம் ஏலம் கூறுனவங்க. இத கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அவ்வளவு எளிதில்லை என்றும் சொன்னேன். அவள் விடவில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு வாழைத்தார் மண்டியில் வேலை பார்த்தவன். தார் இறக்குகிறவனாகச் சேர்ந்தேன். பிறகு சீட்டு எழுதினேன். தொண்டை நன்றாக இருந்ததால் ஏலம் கூற வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

விடியும்போது முக்கூடல், சேரன்மகாதேவி, ஏரல் பக்கங்களிலிருந்து டெம்போக்கள் வரும். சருகு பரப்பிய தரையில் தார்களை இறக்கி, பத்துப் பத்தாக வரிசை கட்டி நிறுத்துவோம். வெட்டிய காம்பில் விவசாயியின் அடையாளம் மையால் போட்டிருக்கும். ஏழு மணிக்கு நான் கையில் ஒரு பிரம்போடு முதல் வரிசையில் நிற்பேன். வியாபாரிகள் என்னைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் விரலைத் தூக்குவார், ஒருவர் தாடையை அசைப்பார், இன்னொருவர் குடையை லேசாக உயர்த்துவார். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. ஏலத்தில் விலை சொல்வதைக் கேள்வி என்போம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பிரம்பு காம்பில் பட்டதும் வரிசை கடைசியாகக் கேட்டவருக்கு. சீட்டில் அவர் பெயரும் விலையும் ஏறும். தோற்றவர் பெயரை யாரும் எழுதுவதில்லை.

மண்டி முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி ஏலம் நடக்கும்போது உட்கார மாட்டார். தூணருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால், நாம் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். இரண்டாவது தடவை சொல்லும்போது நமக்கே அதிலுள்ள ஓட்டை தெரிந்துவிடும்.

கள்ளக் கேள்வி என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஏரல் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மைத்துனனைக் கூட்டத்தில் நிறுத்தியிருந்தார். வாங்குகிறவர்கள் தாருக்கு அறுபது கேட்டால் அவன் அறுபத்தைந்து கேட்பான். உண்மையான வியாபாரி எழுபதுக்குப் போனதும் இவன் ஒதுங்கிக்கொள்வான். முதலாளி இரண்டு நாள் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "அவன் கேக்கும்போது மூச்சு விடாம மூணு தரமும் சொல்லி அடிச்சிரு" என்றார்.

அப்படியே செய்தேன். பத்துத் தாரும் மைத்துனன் தலையில் விழுந்தது. அவன் திருதிருவென்று முழித்தான். பையில் டெம்போவுக்குக்கூடக் காசில்லை. விவசாயியே வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மண்டி முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்து, தோளில் தட்டினார்கள். எனக்கு அது போதையாக இருந்தது. இந்த வேலையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த சம்பவம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. முதலாளி கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போயிருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் மண்டி என் பொறுப்பில்.

முக்கூடலிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் ஏத்தன், அதாவது நேந்திரன், தார் கொண்டுவருவார். எல்லோருக்கும் அவர் சார்வாள். ஆற்றங்கரை வண்டல் வயல் அவருடையது. காய் கல்லு மாதிரி இருக்கும். வாரம் இரண்டு நாள் ஏலத்தில் அவருடைய நாற்பது, ஐம்பது தாரையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் எடுப்பார். மலையாளத்துக்கு லாரி அனுப்புகிற தங்கையா. மண்டியில் பாதி சரக்கு அவருக்குத்தான் போகும்.

ஒரு நாள் ஏலம் முடிந்ததும் தங்கையா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என்ன வே, கண்ணு தெரியுதா ஒமக்கு? அந்த நீலச் சேலக்காரி யாரு?"

"புதுசா வாரா. பேரு பேச்சியம்மாளாம்."

"சார்வாள் தார மட்டும்தான் கேக்கா, பாத்தீரா? வேற ஒருத்தன் காயத் தொடுதாளா? நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு ஏத்துதா. நான் பெருசா கேட்டா ஒதுங்கிக்கிடுதா. விக்கிறவரே ஆள் வச்சிருக்காரு வே. வாத்தியாருன்னு நீங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருங்க."

அன்றிலிருந்து நான் ஒரு சின்ன நோட்டில், ஒவ்வொரு வரிசையிலும் யார் இரண்டாவதாகக் கேட்டார் என்று எழுத ஆரம்பித்தேன். என் சொந்த யோசனை. அதில் எனக்குப் பெருமை. மூன்று வாரத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சார்வாளின் வரிசை வந்தாலே இரண்டாவது பெயர் பேச்சியம்மாள். வேறு யார் தாரிலும் அந்தப் பெயர் இல்லை. ஒரு முறைகூட ஜெயிக்கவும் இல்லை. போதாததற்கு, ஒரு காலையில் சார்வாளின் தார் வந்த டெம்போவிலிருந்தே அந்த அம்மா இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய வைத்தியத்தைச் செய்தேன். அந்த அம்மா எழுபது என்று கையைத் தூக்கியதும், தங்கையா வாயைத் திறக்கும் முன் மூணு தரமும் சொல்லிப் பிரம்பை அடித்தேன்.

"எனக்கா அண்ணாச்சி?" என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாட்டிக்கொண்ட முகம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா முழிக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து முழுத் தொகையையும் எண்ணி வைத்தார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏரல்காரனின் மைத்துனனிடம் இல்லாத காசு இந்த அம்மாவிடம் இருந்தது. ஆனால் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. சார்வாளே பணம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பணம் மண்டிக்கு வந்து சுற்றி அவரிடமே போய்ச் சேரும். கமிஷன் மட்டும்தான் நஷ்டம். அந்த நேரம் பார்த்து, பத்துத் தாரும் சார்வாளின் டெம்போவிலேயே திரும்ப ஏறியது. எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த ஏலத்தில், கூட்டம் நிறைந்திருக்கும்போது, அந்த அம்மா கையைத் தூக்கியதும் நான் ஏலத்தை நிறுத்தினேன்.

"ஏம்மா, நீ யாருக்குக் கேக்கே?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"ஒனக்கா, சார்வாளுக்கா? எம்புட்டு தாராரு ஒரு நாளைக்கு?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா ஏதோ சொன்னார். சிரிப்பில் கேட்கவில்லை. கேட்க நான் முயலவும் இல்லை. "இனிமே ஒன் கேள்விய இந்த மண்டியில எடுக்க மாட்டேன். ஆள் வச்சி வெல ஏத்துத எடம் இது இல்ல" என்றேன். ஏலம் கூறுகிற தொண்டை. சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த அம்மா கையை இறக்கினார். பிறகு தார்களுக்கு நடுவே, யார் மீதும் இடிக்காமல், பைய நடந்து வெளியே போனார். சார்வாள் அன்று மண்டிக்கு வரவில்லை. தார் மட்டும்தான் வந்திருந்தது.

முதலாளி பச்சைக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவர் இல்லாத நாட்களின் விலைகளை என்னை வாசிக்கச் சொன்னார். சார்வாள் பெயர் வந்தது. எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. பிறகு ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஐம்பது.

"இன்னொரு தடவ வாசி லே."

வாசித்தேன்.

"காய் மோசமா?"

"இல்ல முதலாளி. அதே காய்தான்."

"மத்தவன் ஏத்தனுக்கு வெல எறங்கிச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன மாறிச்சு?"

நான் காத்திருந்த கேள்வி அது. நோட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டெம்போ, சுருக்குப்பை, எல்லாம். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கள்ளக் கேள்வி நின்னா வெல எறங்கும், சரி. நல்ல கேள்வி நின்னாலும் எறங்கும் லே. இதுல எது நின்னுச்சுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டை மூடினேன்.

"மொதல்ல இத ஒங்கிட்ட சொன்னது யாரு?"

"தங்கையா அண்ணாச்சி."

"இப்ப அம்பதுக்கு எடுத்துட்டுப் போறது யாரு?"

நோட்டைப் புரட்டினேன். அந்த அம்மா போன பிறகு சார்வாளின் வரிசைகளுக்கு இரண்டாவது பெயரே இல்லை. வெறும் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தேன். சின்ன வியாபாரிகள் தங்கையாவை எதிர்த்துக் கேட்கத் தயங்குவார்கள். கேட்டுக்கொண்டிருந்தது அந்த அம்மா ஒருவர்தான்.

"அந்தப் பொம்பள என்ன செய்யுதா, எங்கன இருக்கான்னு பாத்துட்டு வா. சண்டைக்கும் போவாண்டாம், மன்னிப்புக்கும் போவாண்டாம். பாத்துட்டு வா" என்றார்.

முதலில் முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். சார்வாள் வயலில் இருந்தார். வரப்பிலேயே உட்காரச் சொன்னார்.

"பேச்சியம்மாளா? ஆமா, விடியக்கால பஸ்ஸுல வயலுக்கு வரும். ஒவ்வொரு தாரா தொட்டுப் பாக்கும். மண்டில இறக்குன பொறவு கூட்டத்துல தொட்டுப் பாக்க முடியல, எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்கன்னு சொல்லிச்சு. எங்கிட்டயே நேரா கேட்டுச்சு. மண்டிக்குத் தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், அங்க வந்து கேளும்மான்னு சொன்னேன். ஒரு நா தார் ஏத்துன டெம்போலயே மண்டிக்குக் கெளம்பிருச்சு. டெம்போ சும்மாதான திரும்பி வருது, பாளையங்கோட்டையில இறக்கிவிட்டுட்டு வாரேன்னு டிரைவர் அது வாங்குன தார ஒரு நா ஏத்திக்கிட்டான்."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சார்வாள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெல எறங்குனது காலக் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். "எம் பேரச் சொன்னது போகட்டும் வே. அந்த அம்மா அத்தன ஆம்பளைக்கு நடுவுல எப்படி வெளிய நடந்துச்சோ."

பாளையங்கோட்டையில் வீட்டைக் கண்டுபிடிக்க மறுநாள் ஆனது. ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னார். அவர் கடைக்குச் சிப்ஸ் போடுவதே அந்த அம்மாதானாம்.

ஓடு வேய்ந்த இரண்டு அறை. வாசலில் அடுப்பு, பெரிய இரும்புச் சட்டி. அந்த அம்மா மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை.

மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். புருஷனுக்கு நெஞ்சுக்கோளாறு, மலைக் குளிர் ஆகாது என்று கீழே இறங்கியிருக்கிறார்கள். புருஷனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை. இந்த ஊரில் சொந்தமென்று யாருமில்லை. அந்த அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு ஏழெட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார்வாள் காய மட்டும் ஏன் கேட்டிய?" என்றேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா உள்ளே போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார். ஒன்றில் மஞ்சளாக, மொறுமொறுவென்று சிப்ஸ். இன்னொன்றில் வெளிறிப்போய், எண்ணெய் குடித்துத் துவண்டவை.

"இது அவிய காய். நீங்க அன்னைக்கு அடிச்சுக் குடுத்தீங்களே, அதுல போட்டது, கடைசியா கொஞ்சம் இருக்கு. இது வேற மண்டில வாங்குனது. கடக்காரனெல்லாம் திருப்பிட்டான். அதான் கெழங்கு சீவுதேன்."

"எழுபதுக்கு மேல ஏன் கேக்கல?"

"எழுபதுக்கு மேல வாங்குனா எனக்கு என்ன நிக்கும் அண்ணாச்சி? எண்ணெ வெல தெரியாதா? ஒவ்வொரு தடவயும் அந்த லாரிக்காரரு விட்டுருவாருன்னு நெனச்சுத்தான் கேப்பேன். விடவே மாட்டாரு."

தன்னால் முடிந்த விலை வரை கேட்டுவிட்டு நிறுத்துகிறவரும், விலையை ஏற்றிவிட்டு ஒதுங்குகிறவரும் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இரண்டு பேருமே இரண்டாவது. அதை அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்துகொண்டேன். அன்று "எனக்கா அண்ணாச்சி" என்று கேட்டபோது அந்த முகத்தில் இருந்தது பயமில்லை. அது முதல் தடவையாக ஜெயித்தவரின் சந்தோஷம்.

முதலாளி மன்னிப்புக்குப் போகாதே என்று சொல்லியிருந்தார். ஆனால் கேட்காமல் திரும்ப என்னால் முடியவில்லை. "தப்புதான்மா. தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அந்த அம்மா கத்தியை எடுத்து மறுபடி கிழங்கைச் சீவ ஆரம்பித்தார்.

"எல்லாரு முன்னாலயும் அங்கன வச்சு சொன்னிய. இப்ப யாருமில்லாத எடத்துல இங்கன வந்து பைய சொல்லுதிய."

மண்டிக்குத் திரும்பி முதலாளியிடம் இதை அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை. "வியாழக்கிழம வரச் சொல்லி ஆள் அனுப்பு. நானும் நிக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். கூட்டத்துக்கு வெளியே, சாலையோரமாக நின்றார். சார்வாளும் வந்திருந்தார். நான் முதல் வரிசைக்கு முன்னால் நின்று, விலை கூறுகிற அதே குரலில் ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் என்கிற இந்த அம்மா மேல் நான் சொன்னது பொய். அவர் சிப்ஸ் போடத்தான் தார் கேட்டார். சார்வாள் யாரையும் வைக்கவில்லை. விசாரிக்காமல் சொன்னது என் குற்றம்.

நாலு வாக்கியம்தான். இரண்டாவதோடு நின்றுவிட்டேன்.

தங்கையா சத்தம் போட்டார். "ஏலம் கூற வந்தீரா, கத சொல்ல வந்தீரா வே? லாரி நிக்கி."

முதலாளி தூணை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "தங்கையா, கொஞ்சம் பொறும். அவன் முடிக்கட்டும்."

முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் சாலையோரத்திலிருந்து உள்ளே வந்து, சார்வாளின் வரிசை அருகே குனிந்து, ஒரு காயை அழுத்திப் பார்த்தார்.

"வெயில் ஏறுது அண்ணாச்சி. ஏலத்த ஆரம்பிங்க" என்றார்.

அன்று சார்வாளின் முதல் மூன்று வரிசையையும் தங்கையாதான் எடுத்தார், எழுபதுக்கு மேல் போட்டு. ஒவ்வொன்றிலும் அந்த அம்மா எழுபது வரை வந்து நின்றார். நான்காவதில் தங்கையா லாரியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அறுபத்தெட்டுக்கு அந்த அம்மாவுக்கு விழுந்தது. மூணு தரத்தையும் நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

தங்கையா வேண்டுமென்றே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தடவையும் தன் விலையை ஏற்றிவிட்டு ஒதுங்குகிற ஆளைப் பார்த்தால், காசு கொடுக்கிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலாளி அவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மாதத்திலிருந்து, சந்தேகம் என்று யார் வந்து சொன்னாலும், யார் மேல் சந்தேகமோ அவர் வீட்டுக்கு ஒருவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பேச்சு என்று ஆக்கிவிட்டார். அதன் பிறகு உண்மையான கள்ளக் கேள்விகள் இரண்டு மூன்று பிடித்தோம். கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல், முதலாளி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடித்தோம்.

பேச்சியம்மாள் பல வருஷம் எங்கள் மண்டிக்கு வந்தார். கடைகள் கூடின. பிற்பாடு வாரம் மூன்று வரிசைகூட எடுத்தார். எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். முதலாளி வீட்டு விசேஷங்களுக்குச் சிப்ஸ் அவர் கையால்தான் போகும். என்னிடம் மட்டும் விலையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. ஏலம் முடிந்து நான் எல்லோருக்கும் டீ சொல்லும்போது, "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சீட்டைக் கையில் வாங்கி, விலையை ஒரு தடவை படித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டுத் தார் ஏற்றப் போவார்.

நான் ஒவ்வொரு தடவையும் அவருக்கும் சேர்த்தே டீ சொன்னேன்.